வரிசையின் நடுவே ஒரு செய்தி

திருவொற்றியூரில் எங்கள் மாடியில் நின்றால், துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பது தெரியும். சோலாரிஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலுக்கு, தரவைச் செய்திகளாக வரிசைகள் வழியே கடத்தும் ஸ்ட்ரீம்ஸ் முறையில் டிரைவர் எழுதும்போது அந்த வரிசையே என் மனத்தில் ஓடுகிறது. புட்கியூ (putq) என்ற செயற்கூறு, செய்தியை வரிசையில் அதே முன்னுரிமை கொண்டவற்றுக்குப் பின்னால் சேர்க்கும். இன்ஸ்கியூ (insq) என்ற செயற்கூறு அப்படியன்று: நாம் சுட்டும் செய்திக்கு நேர் முன்னால் புதியதைச் செருகும், எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியை (NULL) கொடுத்தால் கடைசியில் வைக்கும். முன்னுரிமை ஒழுங்கு குலையுமானால் செருகாமல் 0 என்று திருப்பித் தரும். அந்த விடையைச் சோதிக்காமல் விட்டதால், செருகப்படாத செய்திகளால் விடுவிக்கப்படாமல் தேங்கிய நினைவகத்தை இரண்டு இரவுகள் தேடியிருக்கிறேன். செருகுமுன் ஸ்ட்ரீமை ஃப்ரீஸ்எஸ்டிஆர் (freezestr) என்ற செயற்கூறு கொண்டு உறையவைப்பது கட்டாயம். இல்லையெனில், நாம் சுட்டிய செய்தியையே வேறொரு சிபியுவில் ஓடும் நிரல் அதற்குள் எடுத்துச் சென்றிருக்கக்கூடும்.