அஞ்சரை மணிக்கு அம்மாவ கூப்பிடக்கூடாது

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கருவறைய சுத்தி வர ஒரு குறுகலான வழி இருக்கு, நுழையுறப்ப தவழணும், வெளிய வர்றப்பவும் தவழணும். மறுபிறப்பு மாதிரின்னு சொல்லுவாங்க. எனக்கு அந்த நேரத்துல தத்துவமெல்லாம் ஓடல, முட்டிவலியும் முன்னாடி போற பெரியவர் மாட்டிக்கிட்டா என்ன பண்றதுங்கற பயமும்தான் (நல்லவேளை, மாட்டல). ஆனா அவர் வெளிய போனப்புறம் ஒரு பத்து செகண்ட் அந்த இருட்டுல நான் மட்டும் இருந்தேன் பாருங்க, ஃபோன் இல்ல, யாரும் பேர் சொல்லி கூப்பிடல, அட இப்படி ஒரு இடத்துல இருந்து எவ்ளோ நாளாச்சுன்னு தோணுச்சு.

அந்தக் கோயில் ராஜசிம்ம பல்லவன் கட்டுனது, 1300 வருஷம் ஆச்சு. பெரியபுராணத்துல பூசலார் கதைல வர்ற ராஜா இவர்தான்னு சொல்லுவாங்க. திருநின்றவூர்க்காரர் பூசலார், நம்ம அரக்கோணம் லோக்கல் ட்ரெயின் போற அதே திருநின்றவூர். சிவனுக்கு கோயில் கட்ட ஆசை, கைல காசில்ல, கேட்ட இடத்துலயும் கிடைக்கல, சரின்னு மனசுக்குள்ளயே கட்ட ஆரம்பிச்சிட்டாரு. அதுலயும் சும்மா கண்ண மூடுனா கோபுரம் வந்து நிக்குற கற்பனை இல்ல, தச்சர்களைச் சேர்த்து, நாள் பாத்து அடித்தளம் போட்டு, ராத்திரி தூங்காம வரிசை வரிசையா எழுப்பி, சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் கட்டி, குளமும் தோண்டி முடிக்கிறாரு. நிஜமா வீடு கட்டுறவங்களே இவ்ளோ பொறுமையா கட்டி நான் பாத்ததில்ல.

அவர் கும்பாபிஷேகத்துக்கு குறிச்ச அதே நாள்லதான் ராஜாவும் குறிச்சிருக்காரு. சிவன் ராஜா கனவுல வந்து, அன்னிக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போறேன், நீ வேற நாள் பாத்துக்கோன்னு சொல்லிடுறாரு. ராஜா ஊருக்கே வந்து கோயில் எங்கன்னு கேக்குறாரு, ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. எல்லாரும் இதுல பக்திய பாக்குறாங்க, சரிதான், எனக்கு ஒரு சின்ன வருத்தம், அந்த மனுஷன் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தத சாமியே போட்டு உடைச்சிட்டாரே! இப்போ அங்க இருதயாலீஸ்வரர்னு கல்லுலயே கோயில் இருக்கு, இதய நோய்க்காரங்க வந்து வேண்டிக்கிறாங்க.

எங்க வீட்ல சின்ன வயசுல ஒரே ரூம், அஞ்சு பேர். அம்மாவுக்குன்னு ஒரு மூலை கூட கிடையாது. அடுப்பாங்கரை ஷெல்ஃப்ல மூணு சாமி படம், காலைல அஞ்சரைக்கு அது முன்னாடி கண்ண மூடி நிப்பாங்க, பால் பொங்குனாலும் நாங்கதான் ஓடிப்போய் அணைக்கணும். அப்படி என்னதான்மா வேண்டுறன்னு ஒருதடவ கேட்டேன். "வேண்டவெல்லாம் இல்லடா, அப்போதான் யாரும் என்னைக் கூப்பிட மாட்டீங்க"ன்னாங்க.

காஞ்சிபுரத்துல இருந்து திரும்புற வழியில ஃபோன் போட்டு பூசலார் கதையச் சொன்னேன். அம்மா ஃபுல்லா கேட்டுட்டு, "ஐயோ பாவம், மறுநாள்லருந்து ஊரே வந்து கதவத் தட்டிருக்குமே அந்த மனுஷனுக்கு"ன்னாங்க.