மூன்று டம்ளர் காபி

பாப்பாவுக்கு ஏழு வாரம் ஆனபோது வீட்டில் எந்தத் துண்டை எடுத்தாலும் புளித்த பால் வாடை. குடித்ததும் கக்குவாள், கக்கியதும் வீறிட்டு அழுவாள். "கக்குற பிள்ளை தக்கும்" என்றார் அத்தை. எங்கள் ஆதம்பாக்கம் தெருவே அதைத்தான் சொன்னது. பொய்யில்லை. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வு கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி தளரும். ஒரு வயதை ஒட்டிப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சிரித்துக்கொண்டே கக்கி, எடையும் ஏறுகிற குழந்தை என்றால் கவலையில்லை. இவள் மார்பில் வாய் வைத்த இரண்டாவது நிமிடமே முதுகை வில்லாக வளைத்துத் திமிறுவாள்.

முதலில் பார்த்த டாக்டர் அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தார். மூன்று வாரம் ஆகியும் துவைக்கிற துண்டு குறையவில்லை. அப்புறம் ஒருநாள் மலத்தில் சளி, அதில் நூல் மாதிரி ரத்தம். பதறிப்போய் வேறொரு டாக்டரிடம் ஓடினோம். அவர் என்னைத்தான் விசாரித்தார்: "ஒரு நாளைக்கு எத்தனை காபிம்மா குடிக்கிறீங்க?"

மூன்று. அது போகத் தயிர், மோர், பிரசவ லேகியத்தில் நெய்.

நான் குடிக்கும் பசும்பாலின் புரதம் துளியளவு தாய்ப்பாலிலும் போகுமாம். அது ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு வயிறும் குடலும் புண்பட்டு, குடித்த பால் மேலேறும். பார்வைக்கு வெறும் ரிஃப்ளக்ஸ், அதாவது அந்த வால்வு தளர்ந்து பால் மேலேறுவது மாதிரியேதான் தெரியும். இந்த வகை அலர்ஜி ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. பாலை நிறுத்திப் பார்த்து, திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் சோதனை. அமில மருந்துக்கு முன்பே இரண்டு முதல் நான்கு வாரம் இதைச் செய்து பார்க்கலாம் என்று 2018இல் வந்த ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதைப் பிற்பாடுதான் படித்தேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

டாக்டர் என்னைப் பாலை நிறுத்தச் சொல்லி, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கப் பழகினேன். டிகாக்‌ஷனில் வெல்லம் போட்டுக் குடித்தேன்; அதைக் காபி என்று சொல்ல மனசு வராது. "ஆட்டுப்பால் குடியேன்" என்றார் எதிர்வீட்டு அக்கா. அதன் புரதமும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான், எருமைப்பாலும் அப்படியே. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதது வேறு சங்கதி: அது பாலின் சர்க்கரை, இது புரதம்.

மூன்றாவது வாரம் ஒரு நாளைக்கு ஒரே துண்டு போதுமாக இருந்தது. டாக்டர் சொல்லி, நுரை பொங்க ஒரு டம்ளர் காபி குடித்துப் பார்த்தேன். சத்தியமாக அமிர்தம். மறுநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் பாப்பா மறுபடி வில்லானாள்.

இப்போது அவளுக்கு ஒன்றேகால் வயது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்குள் விட்டுப்போகுமாம். மாவோடு நன்றாக வெந்த பால் பல பிள்ளைகளுக்குச் சுலபமாக ஒத்துக்கொள்ளும் என்பதால், டாக்டர் சொன்னபடி போன ஞாயிறு கால் பிஸ்கட்டில் ஆரம்பித்தோம். அத்தை தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.