முழு சைக்கிளா, வெறும் பிரேமா? முதலில் பின் காடியைப் பாருங்கள்

கியர் இல்லாத சைக்கிள் என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி இதுதான்: முழு வண்டியாக எடுப்பதா, பிரேம் மட்டும் வாங்கிக் கட்டுவதா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் கேட்பவர்களுக்கு எங்கள் பதில் எப்போதும் ஒன்றுதான். நல்ல சக்கர ஜோடி கையில் இருந்தால் பிரேம் வாங்குங்கள். இல்லாவிட்டால் முழு வண்டியே மேல்.

காரணம், பிரேமின் விலையைப் பார்த்தால் மலிவாகத் தெரியும். அதன்பிறகு போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை), கப் செட் (அந்தக் கவை திரும்பும் பேரிங்), பி.பி. அச்சு (பெடல் சுற்றும் அச்சு), கிராங்க் (பெடல் மாட்டும் கை), செயின், ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தை ஓடவிடும் பின் பல்சக்கரம்), ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), ரிம், டயர், பிரேக், சீட்டு என்று ஒவ்வொன்றையும் சில்லறை விலையில் வாங்க வேண்டும். பழைய கறுப்பு சைக்கிளின் சக்கரத்துக்குக் கம்பியே முன்னால் 32, பின்னால் 40. அதைக் கோத்துக் கோட்டம் எடுக்கும், அதாவது சக்கரம் ஆடாமல் நேராக்கும் கூலி தனி. செலவில் பெரும்பங்கைச் சக்கரம்தான் விழுங்கும்.

பிரேமே என்று துணிந்தால், பின் அச்சு உட்காரும் காடியை முதலில் பாருங்கள். ட்ராப் அவுட் என்பார்கள். அது கிடைவாட்டில் நீண்டிருக்க வேண்டும். கியர் இல்லாத வண்டியில் செயின் தொய்வை வாங்கத் தனி உறுப்பு கிடையாது. சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துத்தான் இறுக்க முடியும். கியர் சைக்கிளிலிருந்து கழற்றிய பிரேமில் காடி பெரும்பாலும் நேர்கீழாக இருக்கும். அதில் சக்கரம் நகராது, செயின் டென்ஷனர் என்று ஒன்றைக் கூடுதலாக மாட்ட வேண்டியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்க வேண்டாம்.

அடுத்து, இரண்டு காடிகளுக்கும் இடையே உள்ள அகலம். 110, 120, 130, 135 மில்லிமீட்டர் என்று பலவிதம் உண்டு. இரும்பு பிரேமில் காடி அகலத்தைவிட ஹப் ஐந்தாறு மில்லிமீட்டர் குறைந்தால் அச்சில் வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம். அலுமினிய பிரேமை நெம்பவோ நெருக்கவோ கூடாது, வெல்டிங்கில் விரிசல் விடும்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் ரிம் அளவு. நம் ஊர் 28 இஞ்ச் ஒன்றரை ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். 700சி என்பது 622. 28 இஞ்ச் பிரேமில் 700சி சக்கரத்தை மாட்டினால், இந்த 13 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பிரேக் கட்டையைவிட ரிம் ஆறரை மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். பிரேக் கட்டை ரிம்மை விட்டு டயரில் உரசும், டயர் பக்கவாட்டில் கிழியும். கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) வண்டியின் பழைய ரிம்முக்குப் பக்கம் தட்டையாக இருக்காது. அதில் ரிம்மை இருபக்கமும் கவ்வும் காலிப்பர் பிரேக் பிடிக்காது.

பழைய பிரேம் என்றால் கையில் ஒரு நூல் கொண்டு போங்கள். இடப்பக்கக் காடியில் கட்டி, முன்னால் ஹெட் பைப்பை (போர்க் நுழையும் குழாயை)ச் சுற்றி, வலப்பக்கக் காடிக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் பைப்பிலிருந்து நூல் வரை இருபுறமும் அளவுகோலால் அளங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரேம் கோணல், விட்டுவிடுங்கள். ஹெட் பைப்புக்குப் பின்னால் கீழ் பைப்பில் பெயின்ட் சுருங்கியிருந்தால் வண்டி எங்கோ நேராக மோதியிருக்கிறது. போர்க் இல்லாத பிரேமை எடுக்காதீர்கள். புரி போட்ட போர்க்கின் கழுத்து நீளம் ஹெட் பைப்புக்குப் பொருந்த வேண்டும், தனியாகத் தேடினால் அலைச்சல்தான். சீட் கம்பி துருப்பிடித்து அசையாமல் நிற்கிறதா என்றும் திருகிப் பாருங்கள்.

முழு வண்டி எடுப்பவர்கள் கடையிலேயே பல் எண்ணிக்கையைக் கேளுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் 2.44 சுற்று. கிருஷ்ணகிரி டவுனுக்கும் அணைப் பக்கத்துக்கும் இது போதும். ஒகேனக்கலிலிருந்து பென்னாகரம் ஏறி வருபவர், தொப்பூர் கணவாய் ஏறுபவர் பின்னால் 20 போட்டுக்கொண்டால் 2.2 ஆகக் குறையும், முட்டி தப்பிக்கும். ஒரு பல் கூடினால் அச்சு சுமார் மூன்று மில்லிமீட்டர் முன்னால் வரும்; காடியில் அந்த இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். இறக்கத்துக்கு இரண்டு பிரேக்கும் கட்டாயம். ஃப்ரீவீல் இல்லாத பிக்ஸட் வண்டியை இந்தக் கணவாய்களில் இறக்கவே கூடாது.

புது வண்டியென்றாலும் ஹப்பிலும் பி.பி.யிலும் கிரீஸ் குறைவாகவே இருக்கும். எடுக்கும் அன்றே பிரித்துப் பால்ரஸுக்கு (உருளும் இரும்புக் குண்டுகளுக்கு) கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் கம்பிகள் தளரும். அப்போது ஒருமுறை கோட்டம் எடுத்துவிட்டால் பிறகு நீண்ட நாள் தொந்தரவு இருக்காது.

செயின் இறுக்கும்போது பெடலை மெல்லச் சுற்றிப் பாருங்கள். பெரிய பல்சக்கரம் முழு வட்டமாக இருப்பதில்லை, ஒரு இடத்தில் செயின் விறைக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, செயின் நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். அதற்கும் குறைந்தால் ஹப் பால்ரஸ் தேயும். கூடினால் மேட்டில் எழுந்து மிதிக்கும்போது செயின் கழன்றுவிடும். வலது நட்டை முதலில் லேசாகப் பிடித்துவிட்டு, டயரை இரண்டு பைப்புக்கும் நடுவில் நிறுத்தி இடது நட்டை இறுக்குங்கள், கடைசியில் வலதை முழுசாக.