பி.எச். 4-க்கும் 7-க்கும் நடுவில்

ஒரு தொட்டியில் பி.எச். (நீரின் அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 2 உள்ள 10 கன மீட்டர் அமிலக் கழிவுநீர் இருக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தவிர வேறெதுவும் கரைந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதை 7-க்குக் கொண்டுவர 4 கிலோ காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்ஸைடு என்ற காரம்) வேண்டும். இதில் 2-லிருந்து 3-க்கு ஏறவே 3.6 கிலோ போய்விடும். 3-லிருந்து 4-க்கு 360 கிராம். 4-லிருந்து 7 வரை வெறும் 40 கிராம்தான். அதற்கு மேல் இன்னொரு 40 கிராம் விழுந்துவிட்டால் பி.எச். 10-ல் போய் நிற்கும்.

ஒரே தொட்டி, ஒரே டோசிங் பம்ப் (ரசாயனத்தை அளந்து விடும் பம்ப்) வைத்து ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிலோ கணக்கில் தள்ளுவதற்கு வாங்கிய பம்ப், கடைசியில் கிராம் கணக்கில் நிற்கத் தெரியாமல் தாண்டிவிடும். பி.எச். ஏறிவிட்டதே என்று அமிலம் ஊற்றினால் கீழே விழும், திரும்பக் காஸ்டிக். ரசாயனச் செலவு ஏறும், நீரில் உப்பும் ஏறும்.

தொடர் ஓட்டமாக இருந்தால் இரண்டு தொட்டி வையுங்கள். முதல் தொட்டியில் பெரிய பம்ப், 4 வரை ஏற்றினால் போதும். இரண்டாவதில் சிறிய பம்ப், நீர்த்த கரைசல், 4-லிருந்து 7 அல்லது 8 வரை. இரண்டுக்கும் முன்னால் நாளின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் அளவுக்கு ஒரு ஈக்வலைசேஷன் டேங்க் (வரும் கழிவுநீரைச் சேர்த்துச் சமப்படுத்தும் தொட்டி) வேண்டும். இதில் மிச்சம் பிடித்தால், பின்னால் எவ்வளவு விலை உயர்ந்த கன்ட்ரோலர் வைத்தாலும் அது தடுமாறத்தான் செய்யும். காரம் விழும் இடம் மிக்ஸர் இறக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பி.எச். அளக்கும் ப்ரோப், வெளியேறும் வாய்ப்பக்கம். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் எதிரெதிரே, ஒன்று மேலே ஒன்று கீழே. இல்லையென்றால் நீர் காரத்தோடு கலக்காமலேயே குறுக்கு வழியில் ஓடிவிடும்.

மேலே சொன்ன 4 கிலோ கணக்கு சுத்தமான, வலுவான அமிலத்துக்கு மட்டும். நிஜக் கழிவுநீரில் அசிட்டிக் போன்ற மென் அமிலமோ, கரைந்த இரும்பு, அலுமினியமோ இருந்தால், பி.எச். மீட்டர் காட்டுவதைவிடப் பல மடங்கு காரம் குடிக்கும். ஆகவே பி.எச்.-ஐ மட்டும் பார்த்து டோஸ் போடாதீர்கள், டைட்ரேஷன் செய்யுங்கள். 100 மி.லி. மாதிரியை பீக்கரில் எடுத்து, கலக்கிக்கொண்டே 0.1 நார்மல் (லிட்டருக்கு 4 கிராம்) காஸ்டிக் கரைசலை பியூரெட்டிலிருந்து விடுங்கள். நிறங்காட்டி வேண்டாம், கலங்கிய நீரில் அது ஏமாற்றும். மீட்டரைப் பார்த்தே, வேண்டிய பி.எச். வரும்வரை விடுங்கள். செலவாகும் ஒவ்வொரு மி.லி.க்கும் ஒரு கன மீட்டருக்கு 40 கிராம் சுத்தமான காஸ்டிக் என்று கணக்கு. நீற்றுச் சுண்ணாம்பு என்றால் 37 கிராம். சுண்ணாம்பின் தூய்மை 85 சதவீதம்தான் என்றால் அது ஏறக்குறைய 44 கிராம் ஆகும்.

எந்தக் காரம் என்பது உங்கள் அமிலத்தைப் பொறுத்தது. சுண்ணாம்பு மலிவு. ஆனால் மெதுவாகத்தான் கரையும், அரைமணி நேரமாவது தொட்டியில் தங்க வேண்டும். கந்தக அமிலத்தோடு சேர்ந்தால் ஜிப்சம் உண்டாகும். ஒரு லிட்டரில் 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல் மட்டுமே கரையக்கூடியது அது. மிச்சமெல்லாம் ஸ்லட்ஜ் (கசடு), குழாயில் படலம், ப்ரோப் மேல் வெள்ளைப் பூச்சு. சுண்ணாம்புக்கல் படுகை வைத்தாலும் இதே ஜிப்சம் கல்லைப் போர்த்தி வேலையை நிறுத்திவிடும். சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்டால் கார்பன் டை ஆக்ஸைடு பொங்கும், மூடிய குழித்தொட்டிக்கு ஆகாது. அதிகமாகப் போட்டாலும் 9-ஐ ஒட்டியே நின்றுவிடுவது மெக்னீசியம் ஹைட்ராக்ஸைடு. இரவு ஷிஃப்டில் ஆள் குறைவான இடங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், அது மெதுவாக வேலை செய்யும் தாமதத்தைத் தாங்க முடிந்தால். நீரில் ஃபுளோரைடு இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, கால்சியம்தான், அதாவது சுண்ணாம்புதான் வேண்டும். காஸ்டிக் போட்டால் பி.எச். சரியாகிவிடும், ஃபுளோரைடு அப்படியே கரைந்து வெளியே போகும்.

சயனைடு, சல்ஃபைடு, ஹைப்போகுளோரைட் உள்ள எந்தக் கழிவுநீரையும் அமிலக் கழிவுநீரோடு சேர்க்கக் கூடாது. முறையே ஹைட்ரஜன் சயனைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, குளோரின் வாயுக்கள் கிளம்பும். மூன்றும் ஆளைக் கொல்லும். "காரக் கழிவு சும்மா போகிறதே, அமிலத்தோடு கலந்துவிடலாம்" என்பது நல்ல யோசனைதான், அந்தக் காரக் கழிவில் என்ன இருக்கிறது என்று சோதித்த பிறகு. அதேபோல் ஆறு இணைதிறன் (ஹெக்ஸாவேலன்ட்) குரோமியம் உள்ள நீரை வெறுமனே நடுநிலையாக்கினால் குரோமியம் படியாது. முதலில் பி.எச். 2-3 நிலையிலேயே சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிட்டு, பிறகு 8-ஐ ஒட்டி ஏற்றிப் படியவிட வேண்டும்.

சூட்டையும் மறக்க வேண்டாம். 10 சதவீதக் கந்தக அமிலத்தை நடுநிலையாக்கினால் நீர் சுமார் 30 டிகிரி செல்சியஸ் சூடேறும். காஸ்டிக்கைச் செதில்களாகக் கொட்டினால் அது கரையும் சூடும் சேர்ந்து, பி.வி.சி. குழாய் இளகும் அளவுக்குப் போகலாம், மேலே தெறிக்கவும் செய்யும். அடர் கழிவைச் சிறிது சிறிதாக விடுங்கள். காஸ்டிக்கைத் தனித் தொட்டியில் கரைத்து ஆறவிட்டே பயன்படுத்துங்கள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகம் முழுவதையும் மறைக்கும் கவசமும் போடாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவ, பக்கத்திலேயே நீர் வசதி வேண்டும்.

ப்ரோப்பை பி.எச். 4, 7 பஃபர்களில் (பி.எச். தெரிந்த, நிலையான கரைசல்களில்) ஒழுங்காகச் சரிபாருங்கள். ஜிப்சம் படிந்திருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் ஊறவைத்துக் கழுவலாம். சும்மா வைக்கும்போது பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள், காய்ச்சி வடித்த நீரில் வேண்டாம். கண்ணாடிக் குமிழ் விரிசல் விட்ட ப்ரோப் பெரும்பாலும் 7-ஐ ஒட்டியே காட்டும், எதில் முக்கினாலும். திரையில் அழகாக 7 நிற்கும், வாய்க்காலில் அமிலம் ஓடும். அசையாத 7-ஐப் பார்த்தால் உடனே 4 பஃபரில் முக்கிப் பாருங்கள்.

வெளியேற்றும் குழாயில் கட்டுப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு ப்ரோப் வைத்து, அனுமதி ஆணையில் உள்ள வரம்பைத் தாண்டினால் வால்வு தானாக மூடி, நீர் ஈக்வலைசேஷன் டேங்குக்கே திரும்பும்படி செய்யுங்கள். மின்சாரம் போனாலும் மூடிய நிலையில் நிற்கும் வால்வாக வாங்குங்கள்.