மூன்று நாடாவும் ஒரு கைலியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் நான் நெய்த பட்டில் வீட்டுக்கென்று எடுத்துவைத்தது ஒரே ஒரு சேலைதான், அதுவும் மகளின் கல்யாணத்துக்காக. தறியில் நான் உடுத்துவது வெளுத்துப்போன பருத்திக் கைலி. அதில் எனக்கு வருத்தமில்லை. வியர்த்துக் கொட்டும் குழிக்குள் பட்டு உடுத்திக்கொண்டு யாரால் மிதிகட்டையை மிதிக்க முடியும்?

உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு, ஊடை என்னும் குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாக்கள் மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. மூன்றாவது நாடாவை எறிய என் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மனைவி. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்வதால், சேலையைத் திருப்பிப் பார்த்தால் அந்த இணைப்பு விரலுக்குச் சற்றே சொரசொரப்பாகத் தட்டுப்படும். அதைக் குறையென்று நினைத்துச் சேலையைத் தள்ளிவைப்பவர்களைக் கடைகளில் பார்த்திருக்கிறேன். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் கிடைத்த புவிசார் குறியீடு பற்றிப் பேசுகிறவர்கள்கூட இந்த இடத்தைத் தடவிப் பார்ப்பதில்லை.

முந்திக்கு வேறு நிறம் கேட்டால் பேட்னி போட வேண்டும். பழைய பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலின், ஒவ்வோர் இழையோடும் புதிய இழையைச் சேர்க்கும் அந்த வேலையில் கைக்கு வேகம் கிடையாது, பொறுமைதான் உண்டு.

சென்ற மாதம் ஒரு முகூர்த்தத்தில், நான் நெய்த அரக்குச் சேலையைக் கட்டியிருந்த பெண்ணைக் கண்டேன். எல்லோரும் ஜரிகையைப் பார்த்தார்கள். என் கண்ணோ இழை அறுந்து நான் முடிச்சிட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.