சித்திரம் படிப்பவர்களுக்கு: எந்த விதியை எப்போது மீறலாம்

உயர்தரத்தில் சித்திரம் எடுக்கும் பிள்ளைகள் எப்படியும் ஒருநாள் கேட்பார்கள்: "பிக்காசோ கோணல்மாணலாகத்தானே வரைந்தார், நாங்கள் மட்டும் ஏன் பானையும் தேங்காயும் வரைந்துகொண்டிருக்க வேணும்?" வழக்கமாகக் கிடைக்கும் பதில் இது: பிக்காசோ பதினைந்து வயதிலேயே, 1897இல், வைத்தியர் கட்டிலருகே இருந்து நோயாளியின் நாடி பார்க்கும் பெரிய எண்ணெய் வண்ணப் படமொன்றைப் பள்ளி முறை பிசகாமல் வரைந்து முடித்தவர். உண்மைதான். ஆனால் எந்த அடிப்படை, எவ்வளவு காலம் என்று அந்தப் பதில் சொல்வதில்லை. எல்லாம் படித்து முடித்த பிறகு மீறலாம் என்று காத்திருப்பவர் மீறுவதே இல்லை. படித்து முடிப்பதும் இல்லை.

ஒரு விதி எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்று சொல்லத் தெரிந்துவிட்டால், அந்த விதியை அன்றே மீறிப் பார்க்கலாம். மற்ற விதிகள் வரும்வரை பொறுக்கத் தேவையில்லை. அதற்கு முன் கை பழக வேண்டியவை சில உண்டு.

முதலாவது அளவு. கையை நேரே நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பொருட்கூட்டத்தில் (பார்த்து வரைவதற்காகச் சேர்த்து வைத்த பொருட்களில்) ஏதாவது ஒரு பொருளின் உயரத்தைப் பெருவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அலகு. பானையின் அகலம் அந்த அலகில் எத்தனை, முழுக் கூட்டத்தின் உயரம் எத்தனை என்று ஒப்பிடுங்கள். முழங்கை மடங்கினால் அலகு மாறிவிடும்; கதிரையில் சாய்ந்தாலும் மாறிவிடும். அளவு பிழைக்கும்போது கண்ணைக் குறைசொல்லாமல் முதலில் முழங்கையைப் பாருங்கள். தாளில் எடுத்த எடுப்பில் பொருளை வரையாமல், கூட்டத்தின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு எல்லைகளையும் மெல்லிய கோடுகளால் குறியுங்கள். தாளின் மூன்றில் இரண்டு பங்காவது நிறைய வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பானையை நன்றாக வரைந்துவிட்டுப் பூசணிக்காய்க்கு இடமில்லாமல் அதைச் சுருக்குவார்கள்.

பானையின் வாய்தான் அடுத்த சிக்கல். அது நீள்வட்டம். இரண்டு முனையும் கூராக வந்தால் பானை நசுங்கியதாகத் தெரியும். முனைகள் சிறியதாக இருந்தாலும் வளைந்துதான் திரும்ப வேண்டும். வாயை வளைவாக வரைந்துவிட்டு அடியை நேர்கோடாக விடுவது இன்னொரு பிழை. வாயும் அடியும் இரண்டும் கண்மட்டத்துக்கு, அதாவது உங்கள் கண்ணின் உயரத்துக்கு, கீழே இருந்தால், அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனெனில் கண்மட்டத்திலிருந்து விலக விலக நீள்வட்டம் திறந்துகொண்டே போகும். நம்பாதவர் ஒரு கண்ணாடிக் கிளாசை மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கண்வரை உயர்த்தட்டும். விளிம்பு கண்ணுக்கு நேரே வரும் கணத்தில் வட்டம் வெறும் கோடாகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம் இரண்டு வாரம் நீள்வட்டம் மட்டும் வரைந்தால் கை பிடிபட்டுவிடும். அடிமட்டமோ அச்சோ வேண்டாம். தோளிலிருந்து கையை அசைத்து ஒரே வீச்சில் வரையுங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் கோடு நடுங்கும்.

கண்மட்டத்தைப் படிக்க மட்டக்களப்பாரும் அம்பாறைக் கரையோரத்தாரும் புத்தகம் தேட வேண்டியதில்லை. கல்லடிக் கடற்கரையிலோ கல்முனைக் கடற்கரையிலோ மட்டமான மணலில் நில்லுங்கள். கடலும் வானும் சேரும் கோடுதான் உங்கள் கண்மட்டம். உங்கள் உயரமுள்ள ஒருவர் பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும் அந்தக் கோடு அவருடைய கண்ணுக்கு நேரேதான் போகும். மணலில் குந்திப் பாருங்கள்: நிற்கும் எல்லோருக்கும் கோடு இடுப்பளவுக்கு இறங்கிவிடும். தூரத்து ஆளைச் சிறியதாக வரைந்து, தலையை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிட்டால் அவர் தூரத்தில் நிற்பவராகத் தெரியமாட்டார், சின்னப் பிள்ளையாகத் தெரிவார். சந்தைக் காட்சி, திருவிழாக் காட்சி வரைபவர்கள் தொடர்ந்து விடும் பிழை இது. 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் தூரம் போகப்போக நெருங்குவதையும், மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒரு புள்ளியை நோக்கிச் சாய்வதையும் அப்படியே நின்று வரைந்தால் மறைபுள்ளிப் பாடம் பாதி முடிந்தது.

ஒளி நிழலுக்கு எச்.பி. பென்சில் ஒன்றை மட்டும் நம்பினால் படம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக வரும். 2பி, 4பி, 6பி மூன்றும் வைத்துக்கொண்டு, தாளின் வெண்மையில் தொடங்கி ஐந்து படிகள் கொண்ட கட்டமொன்றை முதலில் நிரப்புங்கள். பிறகு கண்ணைச் சுருக்கிப் பொருட்கூட்டத்தைப் பாருங்கள்; நுணுக்கங்கள் மறைந்து பெரிய வெளிச்சமும் பெரிய இருளும் மிஞ்சும். அவற்றையே முதலில் பிரியுங்கள். விரலால் தேய்த்து மெழுகுவது வேண்டாம், பளபளப்பு வரும், வடிவம் போகும். பொருளைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடும் பழக்கமும் வெளிச்சத்தைக் கொல்லும். விழும் நிழல் பொருளுக்குக் கிட்டத்தில் கூர்மையாகவும் விலகும்போது மங்கியும் இருக்கும். நம் ஊர் நண்பகல் வெயிலில் நிழல் பொருளின் காலடியில் சுருங்கிவிடும் என்பதால், விறாந்தையில் காலை ஏழு முதல் ஒன்பது மணிக்குள் பயிலுங்கள்.

போஸ்டர் கலருக்கு அதிகம் சொல்ல இல்லை. மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை போதும். கடைப் பச்சையைத் தென்னோலைக்கு அப்படியே பூசினால் பிளாஸ்டிக் போல இருக்கும். துளி சிவப்புச் சேர்த்தால் அடங்கும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் மாறும், கடும் நிறங்கள் பெரும்பாலும் வெளிறும். ஆகவே ஓரத்துத் தாளில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள். காய்ந்த பூச்சின்மேல் ஈரத் தூரிகையால் தேய்த்தால் அடிநிறம் கரைந்து கலங்கும்.

இனி மீறல். பானை, தேங்காய், மடித்த துணி மூன்றையும் வைத்து நான்கு தாள்கள் செய்யுங்கள். முதல் தாளில் கண்டபடி. இரண்டாவதில் நிழலே இல்லாமல் மூன்று தட்டை நிறங்களும் கோடும் மட்டும். மூன்றாவதில் பானையின் வாயை மேலிருந்தும் உடலைப் பக்கத்திலிருந்தும் பார்த்ததாக ஒன்றாக வரையுங்கள். பிக்காசோவும் ஓவியர் பிராக்கும் 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய கியூபிசத்தின் வேலை இதற்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. நான்காவதில் எது முக்கியமோ அதைப் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு தாளின் பின்னும் இரண்டு வரி எழுதுங்கள்: எந்த விதி போனது, அதற்குப் பதிலாகக் கிடைத்தது என்ன. இரண்டாவது கேள்விக்கு விடை எழுத முடியாவிட்டால் அந்தத் தாள் இன்னும் முடியவில்லை.

பார்ப்பவர் இது பிழையா, வேண்டுமென்று செய்ததா என்று எப்படி அறிகிறார்? மீறல் தாள் முழுவதும் ஒரே ஒழுங்கில் நடந்தால் வேண்டுமென்று செய்ததாகத் தெரியும். ஐந்து முகங்களில் நான்கு அளவாக இருந்து ஒன்றுக்கு மட்டும் கண் இறங்கியிருந்தால் பிழை. ஐந்துக்கும் இறங்கியிருந்தால் அது உங்கள் முறை. கைபேசியில் பார்த்த ஜப்பானியக் கார்ட்டூன் முகத்தைப் பெரிய கண்ணோடு வரைவதையும் சிலர் மீறல் என்கிறார்கள். அது வேறொருவர் வகுத்த விதி. பழகலாம், தவறில்லை, ஆனால் மீறல் என்று பெயர் வைக்க வேண்டாம்.

பாடத்தின் வரலாற்றுப் பகுதியில் வரும் கண்டிக்கால விகாரை ஓவியங்களையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவை விகாரையில் விழும் நிழல் இல்லை, மறைபுள்ளி இல்லை, ஒரே பட்டியில் கதை தொடர்ந்து ஓடுகிறது. "தூரம் காட்டத் தெரியாததால்" என்று விடை எழுதினால் அது பிழையான விடை. கதையை வரிசையாகச் சொல்வதற்கு அந்த விதிகள்தான் பொருந்தின. 1943இல் தோன்றிய, நவீன ஓவியர்களின் 43 குழுவைச் சேர்ந்த ஓவியர் மஞ்சுசிறி விகாரைச் சுவரோவியங்களைப் பெருமளவில் பிரதியெடுத்தவர். புதுமையும் பழைய கோட்டுப் பயிற்சியும் ஒரே கையில் இருந்தன. விதி தெரிந்து மீறியதற்கு நம் மண்ணிலேயே கூத்து இருக்கிறது. நாலு பக்கமும் சனம் இருக்கும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தை, 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடைக்குக் கொண்டுவந்து சில மணி நேரத்துக்குள் சுருக்கினார். நேரமும் மேடையும் மாறின. ஆட்டமும் தாளக்கட்டும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடமிருந்தே வந்தன. எதை விடலாம் என்பது தாளக்கட்டுத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

பரீட்சைக்கு வருவோம். பொருட்கூட்டம் கண்டதை வரையும் வேலை. அங்கே புதுமை காட்டி அளவைக் கெடுக்காதீர்கள். மீறலுக்கு இடம், கொடுத்த தலைப்புக்குப் படம் அமைக்கும் சித்திர ஆக்கத்தில் இருக்கிறது, அங்கும் தலைப்பை விட்டு விலகாதவரை. கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் கட்புலக் கலைப் பிரிவுக்கு உளச்சார்புப் பரீட்சை எழுதப்போகிறவர்களும் படம் பார்த்து வரைந்து பழகாமல் பொருளைப் பார்த்து வரைந்து பழகுங்கள். கைபேசிப் படத்தில் ஓரத்துப் பொருள் இழுபட்டு, கிட்டத்துப் பொருள் மிதமிஞ்சிப் பெருத்திருக்கும். அதைப் பிரதியெடுத்தால் கமெராவின் பிழையும் உங்கள் கையில் ஏறிவிடும்.

கொடுத்த நேரத்தை ஆறாகப் பிரித்து, ஒரு பங்கை அளவுக்கும் எல்லைக் குறிக்கும், ஒன்றைக் கோட்டுக்கும், மூன்றை நிறத்துக்கும் ஒதுக்குங்கள். கடைசிப் பங்கில் புதிதாக எதையும் சேர்க்காமல் எழுந்து இரண்டடி பின்னால் நின்று, மிக இருண்ட இடமும் மிக வெளிச்சமான இடமும் உண்மையில் அப்படித்தான் இருக்கின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள். மாரி காலத்தில் மட்டக்களப்பில் தடித்த பூச்சுக் காய நேரமெடுக்கும். காயாத தாளின்மேல் வேறு தாள் வைத்துக் கட்டினால் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். தடித்த பூச்சை முதலில் முடித்துவிட்டு மெல்லிய இடங்களைக் கடைசிக்கு விடுங்கள்.