விற்காத தேன்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தேனீ வளர்ப்பை யாரும் பொழுதுபோக்கு என்று சொன்னதில்லை. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், ஏழை விவசாயிகளுக்கு உபவருமானம் தரும் தொழில்களில் ஒன்றாகத்தான் இதைக் கற்பித்தார். எங்கள் குடும்பத்துக்கும் பெட்டி என்றால் காசுதான். பல ஆண்டுகள் வேறு வேலையில் கழிந்தபின் வீட்டுக்குப் பின்னால் நான் மறுபடி பெட்டி வைத்திருப்பது உறவினர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. விற்கப் போவதில்லை என்றதும் அந்தச் சிரிப்பு கூடிவிட்டது.

அப்பாவின் ஆண்டு ரப்பர் மரத்தை வைத்து நகர்ந்தது. டிசம்பர் வாக்கில் இலையுதிர்த்த மரம் புதுத் துளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். ரப்பர் தேனில் பெரும்பகுதி இலை தருவதே, பூ தருவது அன்று. அந்தச் சில வாரங்களுக்குள் பெட்டிகள் நிரம்பி வழிய வேண்டுமானால், மழைக்காலத்திலேயே தேனீக் கூட்டங்களைப் பிரித்து, புது ராணிகளை உருவாக்கி, பலம் ஏற்றிவைக்க வேண்டும். பொழுது சாய்ந்து தேனீக்கள் எல்லாம் அடைந்தபின் வாசலை அடைத்து, இரவோடு இரவாக லாரியில் ஏற்றித் தோட்டங்களில் இறக்குவார்கள். அதன்பின் தேன் வற்றும்வரை வீட்டில் யாருக்கும் ஓய்வு இருக்காது.

1991-92இல் தாய்லாந்து பை நோய் வந்தபோது இந்த ஒழுங்கெல்லாம் சில மாதங்களில் சிதைந்தது. நச்சுயிரி தாக்கிய தேனீப் புழு, தேனடையின் அறைக்குள் தலையை மேலே தூக்கியபடி செத்துக் கிடக்கும். குச்சியால் மெல்ல எடுத்தால் நீர் நிரம்பிய சிறு பையாகவே வெளியே வரும். நம் நாட்டுத் தேனீயைத்தான் அது தாக்கியது. மாவட்டத்தில் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. சிலர் பின்னாளில் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். அப்பா மாறவில்லை, காலிப் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டார்.

இப்போது என் பெட்டிகள் எங்கும் பயணம் போவதில்லை. ஒரே விளையில், அதாவது தோட்டத்தில், ஆண்டு முழுவதும் நிற்கும் கூட்டத்துக்கு எது எப்போது சோறு போடுகிறது என்பது, அத்தனை காலம் தொழில் செய்த எங்கள் வீட்டில் எவரும் நின்று கவனிக்காத ஒன்று. தென்னம்பாளை எல்லா மாதமும் மகரந்தம் தருகிறது. காலையில் வாசற்பலகையருகே குனிந்து பார்த்தால், யார் காலில் எந்த நிறப் பொடி ஒட்டியிருக்கிறது என்பது தெரியும். வரப்போரத் தொட்டாச்சிணுங்கிக்கு இவ்வளவு வாடிக்கையாளர்கள் உண்டு என்பதையும் அப்படித்தான் அறிந்தேன். அடையின் கீழ்விளிம்பில் புது ராணி வளரும் அறை தொங்கினால், தேன் காலத்தில் கூட்டம் பிரிந்துவிடாதிருக்க அப்பா உடனே கிள்ளிவிடுவார். நான் அதை விட்டுவைத்து, கூட்டத்தைப் பிரித்துக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

தேன் எடுப்பதிலும் அவசரம் இல்லை. தொழிலில் வாரம் ஒருமுறை அடை தாங்கும் மரச்சட்டங்களை உருவி, எந்திரத்தில் சுழற்றித் தேனைப் பிரித்தால்தான் கட்டுபடியாகும். அப்படி எடுப்பதில் நீர் அதிகம், காய்ச்சிக் குறைக்க வேண்டியிருக்கும். 20 சதவீதத்துக்குமேல் நீர் கூடாது என்ற தர விதிக்குத் தொழில் செய்பவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அறைகளைத் தேனீக்களே மெழுகால் மூடும்வரை காத்திருந்தால் தேன் தானாகவே கெட்டிப்படுகிறது, அளவு மட்டும் குறைகிறது.

தொழில்முறைக்காரர்கள் தேனீயை வதைத்தார்கள் என்று புதிதாகப் பெட்டி வாங்கியவர்கள் பேசுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. எறும்பு ஏறாதபடி தாங்குகால்களின் கிண்ணங்களில் தண்ணீர் வற்றாமல் பார்ப்பதும், வெட்டிய அடைத்துண்டை அங்கேயே போட்டு மெழுகுப் பூச்சியை வரவழைக்காததும், அடிப்பலகையைத் தவறாமல் கூட்டுவதும் பிழைப்பு கற்றுக்கொடுத்த பழக்கங்கள். ஆசையோடு வாங்கிய பெட்டியை மாதக்கணக்கில் திறக்காமல் விட்டு, கூட்டம் ஓடிப்போனபின் வருந்துபவர்களை நிறையவே பார்க்கிறேன்.

ஜூன் மழை தொடங்கியதும் வழக்கமாகச் சர்க்கரைப் பாகு வைப்பார்கள். கோடையில் தேனில் ஒரு பங்கை விட்டுவைப்பதால், என் பெட்டிகளில் மெலிந்த கூட்டங்களுக்கு மட்டுமே அது தேவைப்படுகிறது. பாகு வைக்கும் நேரத்தை மட்டும் மாற்றவில்லை. பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டிக்காரிகள் கொள்ளையடிக்க வந்துவிடுவார்கள் என்பதால், அப்பாவைப் போலவே அந்தி சாய்ந்தபின்தான் வைக்கிறேன்.